வெடிப்பு அதிர்வலையும் மூளைக் காயமும்: மாடலில் எதைப் பார்ப்பது?

கேட்டவர்: அகல்

வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு, இயந்திரப் பொறியியல். வெடிப்புக்கு அருகில் இருந்த ராணுவ வீரர்களுக்கு வரும் மூளைக் காயத்தைக் கணினியில் மாடல் செய்வதுதான் என் புராஜெக்ட். தலையின் ஃபைனைட் எலிமென்ட் மாடல் (தலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாடல்) ஒன்று கையில் இருக்கிறது. தோல், மண்டை ஓடு, மூளைத் தண்டுவடத் திரவம், மூளை எல்லாம் தனித்தனி அடுக்கு. முன்பக்கத்திலிருந்து ஃப்ரீட்லாண்டர் அலையை (அழுத்தம் சட்டென்று ஏறிப் பிறகு தணியும் வெடிப்பலை வடிவம்) மோதவிட்டு 3 மில்லி செகண்ட் ஓட்டினேன். மூளைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவது நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஷியர் ஸ்ட்ரெயின் (திசு பக்கவாட்டில் சரிந்து உருக்குலையும் அளவு) கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஹெல்மெட்டோடும் இல்லாமலும் ஓட்டி, காயம் இத்தனை சதவீதம் குறைகிறது என்று முடிக்க நினைத்திருந்தேன். கைடு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த அழுத்தம் வந்தால் காயம் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?" அங்கேயே நிற்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

அலைமுகம்

முதலில் 3 மில்லி செகண்டைப் பற்றிப் பேசுவோம், அது போதவே போதாது. மூளைத் திசுவின் பல்க் மாடுலஸ் (அமுக்கத்தை எதிர்க்கும் அளவு) தண்ணீரைப் போல 2 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கும், ஷியர் மாடுலஸோ (சரிவை எதிர்க்கும் அளவு) சில கிலோபாஸ்கல்தான். அதனால் அழுத்த அலை விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும், ஷியர் அலை ஓரிரு மீட்டர்தான் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் ஓட்டிய நேரத்துக்குள் அழுத்த அலை தலையை இருபது தடவைக்கு மேல் கடந்திருக்கும், ஷியர் அலை ஒரு சென்டிமீட்டர்கூட உள்ளே போயிருக்காது. ஸ்ட்ரெயின் இல்லை என்று உங்கள் மாடல் சொல்லவில்லை, அது வருவதற்குள் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

குறைந்தது 40, 50 மில்லி செகண்ட் வரை விடுங்கள். மண்டை ஓட்டில் 1 மில்லிமீட்டர் எலிமென்ட் இருந்தால் டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) 0.3 மைக்ரோ செகண்ட் அளவுக்கு இறங்கிவிடும், ஒன்றரை லட்சம் ஸ்டெப்பாவது ஆகும். அலை கடந்துபோன பிறகு காற்றுப் பகுதியை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் தொடர்ந்தால் சமாளிக்கலாம். அப்புறம் கழுத்தை எப்படிப் பிடித்திருக்கிறீர்கள்? முதல் சில மில்லி செகண்டுக்கு அது பெரிதாகப் பாதிக்காது, நீட்டி ஓட்டும்போது முடிவையே மாற்றும். ஹவர்கிளாஸ் எனர்ஜியையும் (கணக்கீட்டு முறையால் வரும் போலி உருக்குலைவின் அளவு) ஒருமுறை பாருங்கள்.

வடகரை

ஹெல்மெட் சதவீதத்தை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அலை அதற்குள் புகுந்து, வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அழுத்தத்தைக் கூட்டிவிடலாம். மாஸ், கிங், பிளாக்மேன் மூவரும் 2009-இல் வெளியிட்ட சிமுலேஷனில் தலை எங்கும் இடிபடாமலே, வெடிப்பலையால் மண்டை ஓடு வளைந்து மூளையில் அழுத்தம் ஏறுவதைக் காட்டினார்கள். 2010-இல் எம்ஐடி குழு முன்பக்க வெடிப்பை ஆராய்ந்தபோது, வழக்கமான போர் ஹெல்மெட் பெரிய அளவில் தணிக்கவில்லை, முகக் கவசம் சேர்த்தபோதுதான் மூளைக்குள் போகும் அழுத்தம் குறைந்தது, ஏனென்றால் திறந்திருக்கும் முகம்தான் அலைக்கு முக்கியமான வழி. ஒரே திசையில் ஓட்டிவிட்டு பொதுவாக ஒரு எண் சொன்னால் அதை நம்பி யாராவது முடிவெடுத்துவிடுவார்கள், அதுதான் என் கவலை. இன்னொன்று, ஃப்ரீட்லாண்டர் வடிவம் திறந்தவெளிக்குத்தான். சுவரோரமோ வண்டிக்குள்ளோ அலைகள் திரும்பத் திரும்ப எதிரொலித்து வரும்.

நரம்பகம்

மூளைக் காயத்துக்கான மறுவாழ்வுச் சிகிச்சையில் வேலை செய்பவள் நான். உங்கள் கைடு கேட்டது மிகச் சரியான கேள்வி. தலை மாடல்களைச் சரிபார்க்க எல்லோரும் எடுக்கும் நஹூம் (1977), ஹார்டி (2001) தரவுகள் இறந்தவர்களின் உடலில் மோதல் சோதனை செய்து எடுத்தவை, வெடிப்பு அல்ல. எலியில் கிடைத்த வரம்பையும் அப்படியே மனிதருக்குப் போட முடியாது. எலியின் மண்டை ஓடு மெல்லியது, மூளையில் மடிப்புகளும் இல்லை.

2016-இல் லான்செட் நியூராலஜியில் ஓர் ஆய்வு வந்தது. வெடிப்புக்கு ஆளான வீரர்களின் மூளையை இறப்புக்குப் பின் பார்த்ததில், தழும்புகள் எல்லைகளில்தான் இருந்தன: மூளையின் மேற்பரப்பை ஒட்டி, ரத்தக் குழாய்களைச் சுற்றி, சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் இடத்தில், திரவ அறைகளின் ஓரத்தில். உங்கள் மாடலில் மூளை முழுவதும் ஒரே பொருளாக இருந்தால் அந்த எல்லைகளே அதில் கிடையாது. உச்ச அழுத்தத்தைத் தேடுவதைவிட அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் காயம் பெரும்பாலும் சாதாரண சிடி ஸ்கேனில் தெரியாது. 2020 ஜனவரியில் ஈராக்கின் அல் அசாத் தளத்தில் ஏவுகணைகள் விழுந்தபோது அமெரிக்க வீரர் யாருக்கும் காயமில்லை என்றுதான் முதலில் அறிவித்தார்கள், பிறகு 100 பேருக்கு மேல் மூளைக் காயம் உறுதியானது. தலைவலி, தூக்கமின்மை, மறதி என்று வருபவரிடம் 'ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களின் வேலை அதை மாற்ற உதவும், அதனால்தான் அது கறாராக இருக்க வேண்டும்.

அகல்

நன்றி டாக்டர், எல்லோருக்கும் நன்றி. சதவீதத்தை விட்டுவிட்டேன். சாம்பல், வெள்ளைப் பகுதிகளைப் பிரித்து, மூன்று திசைகளில் 50 மில்லி செகண்ட் ஓட்டி, அந்த எல்லையில் ஸ்ட்ரெயின் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் கேள்வியாக வைக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம்: திரவ அடுக்கை இப்போது மென்மையான திடப்பொருளாகத்தான் வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

அலைமுகம்

இந்தக் கேள்வி பரவாயில்லை, திரவம் அப்படி இருக்கக் கூடாது. அலை வந்த பக்கத்துக்கு எதிரே அழுத்தம் எதிர்மறையாக இறங்கும். திடப்பொருளாக வைத்தால் எவ்வளவு இழுத்தாலும் தாங்கிக்கொண்டே இருக்கும், உண்மையான திரவத்திலோ குமிழ்கள் உருவாகலாம். ஃப்ளூயிட் மாடலாக மாற்றி ஒரு கட்ஆஃப் அழுத்தம் (அழுத்தம் அதற்குக் கீழே இறங்காத எல்லை) கொடுங்கள், பலரும் -100 கிலோபாஸ்கல் வைப்பார்கள். அந்த எண் உறுதியானதல்ல, அதனால் இரண்டு மூன்று மதிப்புகளில் ஓட்டி, எல்லையில் ஸ்ட்ரெயின் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.