புதுப்பிப்பு: அம்மிச்சியின் ஏழு கல் தோடு

அம்மிச்சி (அம்மாவின் அம்மா) விட்டுப்போன தோடு அசல் வைரமா என்று இங்கே கேட்டிருந்தேன். ஊதிப் பார், தண்ணீரில் போடு, செய்தித்தாள் மேல் வை என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். நகையில் பதித்து, பின்பக்கம் தகடு மூடிய கல்லுக்கு அதெல்லாம் சரிப்படாது.

கோவை ராஜ வீதிப் பக்கம் கல் பதிக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். டெஸ்டர் முனையை வைத்தார். ஒரு தோட்டில் ஏழும் பீப் அடித்தன. மற்றதில் ஒரு கல் மட்டும் கம்மென்று இருந்தது. வைரம்போல் வெப்பம் கடத்துகிறதா என்று பார்க்கும் கருவி அது. வைரம்போலவே தெரியும் செயற்கைக் கல்லான மாய்சனைட்டுக்கும் அடிக்கும் என்பதால் லென்ஸைக் கையில் கொடுத்து, "பட்டை ஓரம் ரெட்டையாத் தெரியுதா பாரு கண்ணு" என்றார். மாய்சனைட்டில் அப்படித் தெரியுமாம். இதில் ரெட்டையாகத் தெரியவில்லை. மாய்சனைட் நகைச்சந்தைக்கு வந்ததே 1990களின் கடைசியில். தோடு அம்மிச்சி கல்யாணத்துக்குச் செய்தது.

பீப் அடிக்காத அந்த ஊமைக் கல்லில் மட்டும் ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. மற்றவை வைரம் என்பதால் இன்னும் கூர். பிற்பாடு யாரோ கல் மாற்றியிருக்கிறார்கள். யாரென்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது வேற கதை.

அப்புறம், புதிதாக வாங்கப்போவதாகச் சொன்னவருக்கு: ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் வைரம்தான், டெஸ்டர் பீப் அடிக்கும். பூமியில் கிடைத்த வைரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஆய்வகச் சோதனையில்தான் தெரியும். சான்றிதழ் கேளுங்கள்.