வயரிங் வேலைக்குச் சான்றிதழ் கட்டாயமா?

குளக்கட்டு: "சான்றிதழ் இல்லாதவனை வயரிங் வேலைக்கு எடுப்பது வீட்டுக்குக் கொள்ளி வைப்பது" என்று பரந்தன் சந்தி நேற்று எழுதியிருந்தார். நான் என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற் தகைமை, நாலாம் மட்டம்) முடித்த பையனைத்தான் எடுத்தேன். மின் கசிந்தால் விழுந்து கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமுக்கினான், விழுந்தது. "ஏர்த் சரி ஐயா" என்றான். ஏர்த் வயரை இழுத்தேன், கையோடு வந்தது. மண்ணில் இறக்கிய ஏர்த் றொட்டில் பூட்டவே இல்லை!

பரந்தன் சந்தி: பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சொல்லிச் சுவிட்சிலேயே எழுதியிருக்கிறது. அது பிழையா?

குளக்கட்டு: பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கும். உள்ளே பொய்யாக ஒரு கசிவை உண்டாக்கி விழுத்தும். ஏர்த் வயர் குளத்துக்குள் கிடந்தாலும் விழும்.

வயல்வெளி: அண்ணைமாரே, அனுபவத்துக்கும் என்.வி.கியூ. கொடுக்கிறார்கள். செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டினால் போதும். வகுப்புக்குப் போகத் தேவையில்லை.

குளக்கட்டு: 2009இல் போருக்குள்ளிருந்து உடுத்த துணியோடு வந்தவனிடம் ஆதாரமா? போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். காபரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். எந்த மதிப்பீட்டாளர் வந்து பார்த்தார்?

பரந்தன் சந்தி: தொடங்கிவிட்டது டைனமோ புராணம்! டைனமோவுக்கு ஏது ஏர்த்? உங்கள் அனுபவசாலிகள்தான் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதை விலத்தி நேரே வயர் கொடுப்பவர்கள். எங்கள் கோழிக்கூட்டில் ஒருவர் அப்படித்தான் செய்துவைத்தார். யாரென்று சொல்லவா?

குளக்கட்டு: தாராளமாகச் சொல்லும். கூலியில் பாதி இன்னும் பாக்கி என்பதையும் சேர்த்துச் சொல்லும். இப்போது பதில் வேண்டும்: பொத்தான் விழுந்தால் ஏர்த் சரியா?

ஸ்காபரோ தம்பி: இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமல் கூலிக்கு வயரிங் செய்யவே முடியாது.

குளக்கட்டு: நீர் பனியை வழியும் தம்பி. பரந்தன் சந்தி, பொத்தான்?

பரந்தன் சந்தி: மாரிக்கு முன் முடித்துத் தருகிறேன் என்ற வேலைக்குப் பங்குனியில் வந்து நின்றவருக்கு முழுக்கூலியும் வேண்டுமாம்.

வயல்வெளி: நான் சொன்னது மதிப்பீட்டைப் பற்றி...

குளக்கட்டு: பங்குனியில் வந்தது உமது வீட்டுப் பாதை வெள்ளத்தில் கிடந்ததால். பொத்தானுக்குப் பதில் எங்கே?

பரந்தன் சந்தி: சுவிட்சில் எழுதியிருப்பதை வாசியும். வாசிக்கத் தெரிந்தால்.