செப்ரைட் கலப்புச் சேவல்களில் அரைகுறைப் பெட்டை இறகு: அடுத்து எதை எதோடு சேர்ப்பது?

கேள்வி:
பெட்டை இறகும் (சேவலாக இருந்தும் பெட்டை போன்ற உருண்டை நுனி இறகு) ரோஜாக் கொண்டையும் (தட்டையான அகலக் கொண்டை) உள்ள செப்ரைட் என்ற குட்டிக் கோழி இனச் சேவலை, சாதாரண ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு சேர்த்தேன். குஞ்சுச் சேவல்கள் முதலில் பெட்டை போலவே இருந்தன. முழு இறகு வந்தபின் கழுத்து இறகின் நுனி கூர்ந்து, வால் இறகு லேசாக வளைகிறது. குணம் போய்விட்டதா? எந்தப் பெட்டை இதைச் சுமக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தகப்பன் சேவல் மிதித்ததில் கூமுட்டையும் அதிகம்.

பதில் 1:
குணம் எங்கும் போகவில்லை. இது ஒரே ஒரு மரபணுவின் வேலை, அது பாலினக் குரோமோசோமில் இல்லை. தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாகப் பிரதி வரும். ஒரு பிரதி இருந்தால் அரைகுறையாகத் தெரியும், இரண்டு இருந்தால் முழுமையாக. உங்கள் குஞ்சுகள் எல்லாமே ஒரு பிரதிக்காரர்கள்.

இந்தச் சேவல்களின் தோலில் அரோமட்டேஸ் நொதி அளவுக்கு மீறிச் சுரந்து, ஆண் ஹார்மோனை அங்கேயே ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதனால்தான் கொண்டை, கூவல், முள் எல்லாம் சேவலுக்குரியதாக இருக்க, இறகு மட்டும் பெட்டையாகிறது. முளைக்கும்போது எந்த ஹார்மோன் இருந்ததோ அதன்படிதான் இறகு அமையும். வளர்ந்து முடிந்தது மாறாது. குஞ்சு இறகு இரு பாலுக்கும் ஒன்று போலவே இருப்பதால், முழு இறகு வருமுன் சேவலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சந்தேகமென்றால் இடுப்பில் நாலைந்து இறகைப் பிடுங்கிவிட்டு, புதிதாக முளைப்பதன் நுனியைப் பாருங்கள்: உருண்டையா, கூரா?

பதில் 2:
அண்ணன் தங்கையைச் சேர்த்தால் சேவல்களில் நாலில் ஒன்று முழுப் பெட்டை இறகு, இரண்டு அரைகுறை, ஒன்று சேவல் இறகு. முழுமையானதை மட்டும் வையுங்கள்.

பெட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, மகன்கள்தான் சாட்சி. அதைச் சாதாரணச் சேவல் இறகுள்ள சேவலோடு சேர்த்து, ஐந்து மகன்களையாவது முழு இறகு வரை வளர்க்கவும். ஒன்றுக்காவது சுத்தமான சேவல் இறகு வந்தால் பெட்டையிடம் இரண்டு பிரதி இல்லை. ஐந்திலும் பெட்டைச் சாயல் இருந்தால் இரண்டு பிரதி உண்டு என்று நம்பலாம். ஒரு பிரதிப் பெட்டை இப்படி ஏமாற்ற 32-ல் 1 வாய்ப்புதான். செப்ரைட் சேவலோடு சேர்த்துச் சோதித்தால் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. தகப்பனே எல்லா மகனுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுவதால் சுத்தமான சேவல் இறகு வராது, முழுமையா அரைகுறையா என்றுதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

பதில் 3:
கூமுட்டைக்கு முழுப் பழியையும் இறகின் மீது போடாதீர்கள். ரோஜாக் கொண்டை மரபணு இரண்டு பிரதி உள்ள சேவலின் விந்தணு நீந்தும் வேகம் குறைவு. ஒரு பிரதி இருந்தால் இந்தக் குறை இல்லை, ஆகவே உங்கள் கலப்பு மகன்களால் கரு நன்றாகவே கட்ட வேண்டும். கொண்டையும் இறகும் வெவ்வேறு குரோமோசோமில் இருப்பதால் தனித்தனியாகவே இறங்கும்: அடுத்த தலைமுறைச் சேவல்களில் 16-ல் 1, ஒற்றைக் கொண்டையும் முழுப் பெட்டை இறகுமாக வரும். ரோஜாக் கொண்டைதான் வேண்டுமென்றால், இனச்சேர்க்கைச் சேவலை எப்போதும் ஒற்றைக் கொண்டைத் தாய்க்குப் பிறந்ததாகவே எடுங்கள்.