இயன் கார்டோசோவின் வாழ்க்கையை மாணவர்களிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பிளஸ் டூ மாணவர்களுக்காக ஒரு வாசிப்பு வட்டம் நடத்தி வருகிறேன். அவர்களில் ஐந்தாறு பேர் பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற எண்ணத்தோடு விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி எடுப்பவர்கள். அடுத்த கூட்டத்தில் மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோவின் வாழ்க்கையையும் நூல்களையும் அறிமுகப்படுத்தலாம் என்றிருக்கிறேன். கண்ணிவெடியில் சிதைந்த காலை அவரே குக்ரிக் கத்தியால் வெட்டிக்கொண்டார் என்ற செய்தியைப் பிள்ளைகள் கைப்பேசியில் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு அப்பால் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்பதும், தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை என்பதும்தான் என் கவலை. எங்கிருந்து தொடங்கலாம்? அவருடைய நூல்களில் எதை முதலில் கையில் கொடுக்கலாம்?

பதில்: குடிபாலா ஹவில்தார்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் இன்னொரு சித்தூர்க்காரன். ஆந்திரச் சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே உள்ள குடிபாலாவில் இருக்கிறேன். மதராஸ் ரெஜிமென்டில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பயிற்சி எடுத்தது வெலிங்டனில் என்பதால் என் யோசனையும் அங்கிருந்தே தொடங்குகிறது. 1971-ல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது மேஜராக இருந்த கார்டோசோ அதே வெலிங்டனில், ஸ்டாஃப் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் கூர்க்கா ரைஃபிள்ஸின் நான்காம் பட்டாலியனில் துணைத் தளபதி போரில் இறந்துவிட, அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார்கள். நீலகிரியிலிருந்து கிழக்கு வங்கம் வரை போய், தன் பட்டாலியன் ஹெலிகாப்டர் ஏறும் நேரத்துக்குச் சரியாகச் சேர்ந்துகொண்டார். இந்தியத் தரைப்படை ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கிப் போரிட்டது அதுவே முதல் முறை. டிசம்பர் 7-ஆம் தேதி கிழக்கு வங்கத்துச் சில்ஹெட்டில் மி-4 ஹெலிகாப்டர்களிலிருந்து இறங்கியது ஒரே ஒரு பட்டாலியன். ஆனால் பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேடே இறங்கிவிட்டதாக பிபிசி வானொலி தவறாகச் சொல்லிவிட்டது. எதிரியும் அதைக் கேட்டிருப்பான் என்று கணக்கிட்டு, பிரிகேட் அளவுக்குப் பரந்து நின்று, உணவும் தோட்டாவும் குறைந்த நிலையிலும் அந்தத் தோற்றத்தை நாள்கணக்கில் கலையவிடாமல் காத்தார்கள். கடைசியில் சரணடைந்தவர்களில் மூன்று பிரிகேடியர்கள் இருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டுக் காலுக்கு வாருங்கள். அந்த மனிதர் யார் என்று பிள்ளைகளுக்கு அப்போது தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். கார்டோசோ என்ற பெயர் கூர்க்கா வீரர்களின் நாக்கில் வரவில்லை. அவரை 'கார்தூஸ் சாப்' என்றே அழைத்தார்கள். கார்தூஸ் என்றால் தோட்டா. ஜவான்கள் ஓர் அதிகாரிக்குத் தாங்களாகவே பெயர் வைக்கிறார்கள் என்றால், அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். எந்தப் பதக்கத்துக்கும் அது குறைந்ததல்ல என்பது என் அனுபவம்.

பதில்: வேலந்தாவளம் விவசாயி

டீச்சர், நான் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் லாரி விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவன் என்பதால், இதில் சொல்வதற்கு எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

கால் போன நாளை எல்லோரும் கேட்பார்கள். அதற்கு அடுத்த நாள்களை யாரும் கேட்பதில்லை. காலையில் செயற்கைக் காலை மாட்டும்போது பருத்தி உறை ஒன்று போதும். மாலைக்குள் சதை சற்று வற்றி, கால் பொருந்தும் கிண்ணம் தளர்ந்துவிடும், இரண்டாவது உறை போட வேண்டும். கோடையில் வியர்வை இறங்கி உள்ளே வழுக்கும். வரப்பில் நடந்தால் அடியில் இருப்பது கல்லா, சேறா என்று அந்தப் பாதத்துக்குத் தெரியாது, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டு பழகிய பிறகும் ஈர வரப்பென்றால் ஒரு நொடி நின்று பார்த்துத்தான் கால் வைக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு காலோடு மலைப்பகுதியில் காலாட்படையை நடத்திச் செல்லத் தன்னால் முடியும் என்று ஒருவர் சொன்னார் என்றால், அதன் எடை என்னவென்று பிள்ளைகள் உணர வேண்டும்.

மேலிடம் உடனே சம்மதிக்கவில்லை. உடற்தகுதித் தேர்வில் இரண்டு காலும் உள்ள அதிகாரிகளை முந்திக் காட்டினார். அதன் பிறகும் தயக்கம் தீரவில்லை. அப்போதைய தலைமைத் தளபதி ஜெனரல் ரெய்னா அவரை லடாக்குக்கு அழைத்துச் சென்று, பனி மலையில் அவர் நடப்பதைத் தாமே பார்த்த பிறகுதான் பட்டாலியனை அவர் பொறுப்பில் கொடுத்தார். போரில் உறுப்பிழந்த ஓர் அதிகாரி காலாட்படைப் பட்டாலியனுக்கும், பிறகு பிரிகேடுக்கும் தலைமை ஏற்றது இந்தியத் தரைப்படையில் அதுவே முதல் முறை. கத்தியை எடுக்க ஒரு நிமிடத் துணிவு போதும். இதற்கு ஆண்டுக்கணக்கில் துணிவு வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற பின் 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் தலைவராக அவர் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது சிறிய செய்தியல்ல.

பதில்: புத்தூர் வாசகன்

நூல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2003-ல் வந்த 'பரம் வீர்' நூலை முதலில் கொடுங்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர்களின் கதைகள் அதில் உள்ளன. 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பற்றிய பகுதியை நம் பிள்ளைகள் தாங்களாகவே தேடிப் படிப்பார்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானது 2006-ல் அவர் எழுதிய ஐ.என்.எஸ். குக்ரி என்ற போர்க்கப்பலைப் பற்றிய நூல். 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, டையூ கடற்பகுதியில் பாகிஸ்தான் நீர்மூழ்கி 'ஹாங்கோர்' அந்தக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனுடனேயே மூழ்கினார். தரைப்படை அதிகாரியான கார்டோசோ உயிர்பிழைத்த கடற்படையினரின் நினைவுகளைச் சேகரித்து எழுதினார். குக்ரியால் தன் காலை வெட்டியவர், குக்ரி என்ற பெயருடைய கப்பலில் போனவர்களுக்காக எழுத உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சொந்த வாழ்க்கையைச் சொல்லும் 'கார்தூஸ் சாப்' வெளிவந்தது 2022-ல், அவருடைய எண்பத்தைந்தாம் வயதையொட்டி. மற்றவர்களின் கதைகளை முதலில் எழுதிவிட்டுத்தான் தன் கதைக்கு வந்தார் என்ற இந்த வரிசையையே உங்கள் பேச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் போர்க்கைதியாக இருந்த பாகிஸ்தானிய மருத்துவர் மேஜர் முகமது பஷீர். முதலில் மறுத்த கார்டோசோ வேறு வழியின்றி இணங்கினார். பிற்காலத்தில், அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லாமல் விட்டதைப் பற்றி வருந்திப் பேசினார். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

மூவருக்கும் நன்றி. வெலிங்டனில் தொடங்கி, சில்ஹெட் வழியாக லடாக் பனிக்குப் போய், பிறகு நூல்களுக்கு வருவதாகத் தீர்மானித்துவிட்டேன். குக்ரிக் கப்பலின் பக்கங்களை மாணவர்களையே உரக்க வாசிக்கச் சொல்லப்போகிறேன். வேலந்தாவளத்து அண்ணா, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நீங்கள் நேரில் வந்து, இங்கே எழுதியதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா?

வேலந்தாவளம் விவசாயி

கட்டாயம் வருகிறேன், டீச்சர். செயற்கைக் காலைக் கழற்றியே காட்டுகிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். உங்கள் நூலக வாசலில் மூன்று படிகள் உண்டு, கைப்பிடி கிடையாது என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஓட்டப் பயிற்சி எடுக்கும் பையன்களில் ஒருவனை அங்கே நிற்கச் சொல்லுங்கள்.