ஆச்சி நினைவு மலர்: நான்காம் பக்கம்

சுரண்டை அத்தை: ஆச்சியின் நினைவு மலர் இன்றிரவு அச்சுக்குப் போகிறது. நற்செய்தி ஊழியர் சகோதரர் டி.ஜி.எஸ். தினகரன் மேடையிலிருந்து ஆச்சியைப் பெயர் சொல்லி அழைத்ததை நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் ஒன்பது மணிக்குள் சொல்லுங்கள்.

சின்ன மாமா: “மேரி என்ற சகோதரி” என்றுதானே அழைத்தார்? அந்த மைதானத்தில் பாதிப் பேர் மேரி.

சுரண்டை அத்தை: மூட்டுவலி என்றும் சொன்னார்.

சின்ன மாமா: மீதிப் பாதிக்கு மூட்டுவலி.

பெரியப்பா: விளையாட்டு போதும். பேரப்பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பதால் அவரைப் பற்றி முறையாக எழுத வேண்டும். 1935 ஜூலை 1 அன்று நம் சுரண்டையில் பிறந்தவர். இருபது வயதில் உயிரை மாய்த்துக்கொள்ளப் புறப்பட்ட தம்மை உறவினர் ஒருவர் வழிமறித்து ஆண்டவரைப் பற்றிச் சொன்னதாக அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்தார். அவருடைய ‘இயேசு அழைக்கிறார்’ நிகழ்ச்சி வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் வரத் தொடங்கியதும், கோயிலுக்கு நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக் கூடமே கன்வென்ஷன் பந்தலாகிவிட்டது. ஜெப நேரத்தில் அம்மா தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கை வைத்து வைத்து, அதன் மேலிருந்த பின்னல் விரிப்பில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

சென்னைச் சித்தி: அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தது நாங்கள். அதையும் எழுதலாம்.

சின்ன மாமா: பழுது பார்த்தது யார் என்பதையும் எழுதலாம்.

கோவைத் தம்பி: அத்தை, அவர் தொடங்கிய காருண்யா கல்லூரி 1975 என்று போட்டிருக்கிறீர்கள். அது 1986. நான் அங்கே படித்தவன்.

சென்னைச் சித்தி: நான்கு வருடப் படிப்பை ஆறு வருடம் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பெரியப்பா: அதே 1986 மே மாதத்தில்தான் அவருடைய மகள் ஏஞ்சல் சாலை விபத்தில் இறந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் மேடையேறி மற்றவர்களின் துக்கத்துக்காக ஜெபித்த மனிதர் என்பதால்தான், நம் கடைக்குட்டி போன பிறகு யார் சொல்லியும் சாப்பிடாத அம்மா, அவர் குரல் கேட்கும்போது மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். மூட்டுவலியை எடுத்துவிட்டு இதைப் போடு.

சின்ன மாமா: அவர் காலமான 2008 பிப்ரவரி 20 அன்றும் அக்கா சாப்பிடவில்லை. எனக்கு நினைவிருக்கிறது.

சுரண்டை அத்தை: அண்ணன் சொல்வதைச் சேர்க்கிறேன். ஆனால் மேரி என்று அழைத்ததை எடுக்க மாட்டேன். ஆச்சி கை தூக்கியபோது பக்கத்தில் இருந்தவள் நான். அச்சகத்தில் எட்டு வரிக்குத்தான் இடம் என்கிறார்கள்.

சென்னைச் சித்தி: பெட்டி ஒரு வரிதான்.

பெரியப்பா: புகைப்படத்தைச் சிறிதாக்கச் சொல்.

சுரண்டை அத்தை: எந்தப் புகைப்படம் என்றே இன்னும் முடிவாகவில்லையே, அண்ணா.