எஸ்இலினக்ஸ்: ஆடிட்2அலோ மாட்யூலா, லேபிளைத் திருத்துவதா?

முனையம்:
எஞ்ஜினெக்ஸ் வெப் சர்வர் 8081 போர்ட்டில் ஓடணும். ஃபைல்கள் ரூட்டுக்குக் கீழே புதிதாகப் போட்ட 'டேட்டா' டைரக்டரியில். பின்னால் 8080இல் ஒரு ஆப். எஸ்இலினக்ஸ் (எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று லேபிள்களை வைத்து முடிவு செய்யும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கு) என்ஃபோர்சிங்கில், அதாவது மீறலைத் தடுக்கும் நிலையில், சர்வீஸ் எழவே இல்லை. என் வழி: பெர்மிசிவ்வுக்கு (தடுக்காமல் லாகில் மட்டும் எழுதும் நிலை) மாற்றி எல்லாவற்றையும் ஓடவிட்டு, வந்த மறுப்புகளை ஆடிட்2அலோவுக்கு (மறுப்புகளை அனுமதி விதிகளாக்கும் கருவி) கொடுத்து, மாட்யூலை ஏற்றிவிட்டு என்ஃபோர்சிங்குக்குத் திரும்புவது. இது கூடாது என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

காவல்நிரல்:
மாட்யூலின் டிஇ ஃபைலை (விதிகள் எழுதப்பட்ட மூல ஃபைல்) திறந்து பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். ஃபைல்களை ஹோமில் வைத்துத் தயார் செய்து எம்வி போட்டிருந்தால் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும். சிபி போட்டிருந்தால் போய்ச் சேரும் டைரக்டரியின் லேபிள் கிடைத்திருக்கும். எம்வி என்றால் மறுப்பில் இலக்கு 'யூசர்_ஹோம்_டி' என்று வரும். ஆடிட்2அலோ அதை அப்படியே விதியாக்கும். உங்கள் நாலு ஹெச்டிஎம்எல் ஃபைலுக்காக அந்த மெஷினில் எல்லாருடைய ஹோம் ஃபைல்களையும் 'ஹெச்டிடிபிடி_டி' (எஞ்ஜினெக்ஸ் ஓடும் டொமைன், அதாவது புராசஸின் லேபிள்) படிக்கலாம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

சரியான வழி இரண்டே கட்டளை:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி ஹெச்டிடிபிடி_சிஸ்_கான்டென்ட்_டி '/டேட்டா(/.*)?'
ரீஸ்டோர்கான் -ஆர்வி /டேட்டா

சர்வர் எழுத வேண்டிய அப்லோடு டைரக்டரிக்கு மட்டும் 'ஹெச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கான்டென்ட்_டி'. சிஹெச்கான் (லேபிளை நேரடியாக மாற்றும் கட்டளை) வேண்டாம், அடுத்த ரீஸ்டோர்கானில் அழிந்துவிடும்.

முனையம்:
ஹோம் டைரக்டரிகள் 700இல் (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) இருக்கின்றன, எஞ்ஜினெக்ஸ் யூசர் உள்ளே நுழையவே முடியாது. அடுத்தது, என்ஃபோர்சிங்கில் முதல் மறுப்பிலேயே சர்வீஸ் விழுந்துவிடும். ஒன்றைச் சரிசெய்து ரீஸ்டார்ட் செய்தால்தான் அடுத்தது தெரியும். பெர்மிசிவ்வில் மொத்தமாகக் கிடைக்கிறதே?

காவல்நிரல்:
நாளைக்கு ஒருவர் அவசரத்தில் 755 (எல்லாரும் நுழைந்து படிக்கலாம்) ஆக்கிவிட்டால்? கட்டாய அணுகல் கட்டுப்பாடு இருப்பதே அந்த நேரத்துக்காகத்தான். 700ஐ நம்பி விதியைத் தளர்த்தினால் இரண்டு பூட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டதாகத்தான் அர்த்தம்.

மொத்தமாகப் பார்க்கணும் என்பது நியாயம். ஆனால் செட்என்ஃபோர்ஸ் 0 (எல்லாவற்றையும் பெர்மிசிவ் ஆக்கும் கட்டளை) மெஷினையே திறந்துவிடும். 'செமேனேஜ் பெர்மிசிவ் -ஏ ஹெச்டிடிபிடி_டி' அந்த டொமைனை மட்டும் தளர்த்தும், முடிந்ததும் -டி (சிறிய எழுத்து d) கொடுத்து நீக்குங்கள். வேலை ஓடாமலும் லாகில் எதுவும் வராமலும் இருந்தால், டோன்ட்ஆடிட் விதிகள் (மறுத்தாலும் லாகில் எழுதாதே என்பவை) மறைக்கின்றன. 'செமாட்யூல் -டிபி' (பெரிய எழுத்து DB) அவற்றை விலக்கும், 'செமாட்யூல் -பி' (பெரிய எழுத்து B) திரும்பக் கொண்டுவரும்.

போர்ட் 8081 ஏற்கெனவே 'டிரான்ஸ்பிராக்ஸி_போர்ட்_டி' வசம். செமேனேஜ் போர்ட் -ஏ கொடுத்தால் பல பதிப்புகளில் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பிழை வரும். -எம் (சிறிய எழுத்து) கொடுத்து 'ஹெச்டிடிபி_போர்ட்_டி' ஆக்குங்கள். இல்லையென்றால் 8008 அல்லது 8443க்கு மாறிவிடுங்கள், அவை முன்பே அந்த லேபிளில் உள்ளன.

பின்னால் உள்ள 8080 'ஹெச்டிடிபி_கேஷ்_போர்ட்_டி'. அதற்கு எல்லாரும் ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் பூலியனை (பாலிசியில் உள்ள ஆன்/ஆஃப் சுவிட்ச்) ஆன் செய்கிறார்கள், அது எந்த டிசிபி போர்ட்டுக்கும் வழிவிடும். ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_ரிலே போதும். பூலியனை மாற்றும் செட்எஸ்இபூலில் பெரிய எழுத்து -பி (P) விடுபட்டால் ரீபூட்டில் போய்விடும்.

கர்னல்வாசி:
எஞ்ஜினெக்ஸுக்காவது டொமைன் இருக்கிறது. அந்த 8080 ஆப் எதில் ஓடுகிறது? பிஎஸ் -இஇசட் (புராசஸ்களின் லேபிளைக் காட்டும்) போட்டுப் பாருங்கள். சொந்த பைனரியை சிஸ்டம்டி எழுப்பினால் பெரும்பாலும் 'அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி', அதாவது கட்டுப்பாடே இல்லை. செபாலிசி ஜெனரேட் --இனிட் கொடுத்தால் ஆப்புக்கென ஒரு பாலிசியின் டிஇ, எஃப்சி (ஃபைல்களின் லேபிள்கள்), ஐஎஃப் (இன்டர்ஃபேஸ்) ஃபைல்கள் கிடைக்கும். டிஇயில் 'பெர்மிசிவ்' என்ற வரி இருக்கும். சோதனை முடிந்ததும் அதை எடுக்கவில்லை என்றால் பாலிசி வெறும் லாக்தான்.

சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலில் நோநியூபிரிவிலேஜஸ் (புராசஸ் புதிய உரிமை பெறாமல் தடுக்கும் அமைப்பு) போட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: பாலிசியில் 'என்என்பி_டிரான்சிஷன்' அனுமதி இல்லாவிட்டால் டொமைன் மாறாது, ஆப் 'இனிட்_டி'யிலேயே ஓடும்.

முனையம்:
எஞ்ஜினெக்ஸுக்கு லேபிள், போர்ட், பூலியன் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொந்த ஆப்புக்கு எந்த பூலியனும் கிடையாது. அங்கே ஆடிட்2அலோ இல்லாமல் நகர முடியாது.

காவல்நிரல்:
அங்கே பயன்படுத்துங்கள், ஆனால் பெரிய எழுத்து -எம் கொடுத்து நேராக மாட்யூல் ஆக்க வேண்டாம். பெரிய எழுத்து -ஆர் கொடுத்து இன்டர்ஃபேஸ் மேக்ரோவாக (பாலிசியில் தயாராக உள்ள விதித் தொகுப்பு) எடுத்து, ஒவ்வொரு வரியையும் படித்து டிஇயில் சேருங்கள். இலக்கு 'டீஃபால்ட்_டி', 'வார்_டி' என்று வந்தால் அது லேபிள் பிழை. அந்த வரியை அழித்துவிட்டு எஃப்சி ஃபைலைத் திருத்துங்கள்.