அடக்கத் திருப்பலி: முதல் வாசகம் யார்?

குழு: ஞானஒளிவுபுரம் வீட்டார்

அருள்: பெரியப்பாவுக்கு நாளை மாலை 4 மணிக்குத் திருப்பலி. முதல் வாசகம் யார்? பைபிள் வாசிப்பவர் பெயரைச் சாமியார் இரவுக்குள் கேட்கிறார்.

ரெஜினா அத்தை: நான்.

சேவியர் சித்தப்பா: நீங்கள் பாதியில் அழுதுவிடுவீர்கள் அக்கா. டேவிட் வாசிக்கட்டும்.

டேவிட்: என்னால் முடியாது சித்தப்பா.

ஜான்சி: கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டோம். மாட்டுத்தாவணியில் இறங்கவா?

அருள்: ஆரப்பாளையம்.

நிர்மல்: அஞ்சலிச் சுவரொட்டியில் தாத்தா பெயருக்குக் கீழே 'ரீடர்' என்று இருக்கிறதே, கோவிலில் வாசித்ததற்காகவா?

சேவியர் சித்தப்பா: இல்லை நிர்மல். அது காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த பதவி. விரிவுரையாளருக்கு மேலே, பேராசிரியருக்குக் கீழே. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி இணைப் பேராசிரியர் என்று பெயர் மாறியது. அண்ணன் அதற்கு முன்பே ஓய்வு பெற்றார். அதனால் ரீடர்தான், திருத்த வேண்டாம். கோவில் வாசகர் என்பது வேறு. முன்பு அது குருமாணவர்கள் குருவாவதற்கு ஏறும் படிகளில் ஒன்று. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதைக் குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்கும் உரிய பணியாக்கினார். ஆனால் முறையான நியமனம் ஆண்களுக்கு மட்டும்.

ரெஜினா அத்தை: 2021-ஐ விட்டுவிட்டாய்.

சேவியர் சித்தப்பா: சொல்ல வந்தேன் அக்கா. அந்த ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் அந்த நியமனத்தைத் திறந்துவிட்டார்.

டேவிட்: நாற்காலி 100 போதுமா?

அருள்: 150 சொல்.

ரெஜினா அத்தை: எனக்கு அண்ணன் எப்போதோ திறந்துவிட்டார். பெண்பிள்ளை பீடத்தருகே ஏறக் கூடாது என்று ஒருவர் என்னை இறக்கிவிட்ட அன்று இரவே, அடுப்படியில் என்னை நிற்கவைத்து வாசிக்கச் சொன்னார். முற்றுப்புள்ளி வந்தால் மனதுக்குள் இரண்டு எண்ணு, பிறகு தலையைத் தூக்கு என்பார். சாலமோனின் ஞானம் 3-ஆம் அதிகாரத்தில் மூச்சு விடும் இடமெல்லாம் அவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். எனக்கு அந்த பைபிள் வேண்டும்.

டேவிட்: அலமாரியில் இல்லை அத்தை.

ரெஜினா அத்தை: சேவியர் வீட்டில் இருக்கிறது. வீடு பிரித்தபோதே போய்விட்டது.

அருள்: அப்படியானால் அத்தை பெயரைக் கொடுத்துவிடவா?

அருள்: சித்தப்பா?

சேவியர் சித்தப்பா: பைபிளைக் காலையில் கொண்டுவருகிறேன். கோடுகள் மங்கிவிட்டன அக்கா, கண்ணாடியை மறக்காதீர்கள்.

ஜான்சி: இரண்டாம் வாசகம்?